மனித ரோபோ செய்து முன்னுக்கு வருவது எப்படி?

சிங்கப்பெருமாள் கோயில் சுற்றுவட்டார மெக்கானிக்கல் பட்டதாரிகளுக்கு ஒன்பது எளிய படிகள்

மெக்கானிக்கல் என்ஜினீயரிங் முடித்தவருக்குத் தமிழ்நாட்டில் இதுவரை மூன்று வழிகள் இருந்தன. சாஃப்ட்வேர் கம்பெனியில் சேரலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கலாம். மெக்கானிக்கல் வேலைக்கே போகலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவரை உறவினர்கள் கல்யாண வீட்டில் ஓரமாக அழைத்துப் போய், "ஏன்ப்பா, மார்க் கம்மியா?" என்று விசாரிப்பார்கள். இப்போது நான்காவது வழி ஒன்று திறந்திருக்கிறது: மனித வடிவ ரோபோவை வடிவமைக்கும் வேலை. இதைச் சொன்னால் உறவினர்கள் விசாரிப்பதில்லை. "சினிமாவில் வந்த சிட்டி ரோபோ மாதிரியா?" என்று கேட்டுவிட்டு மரியாதையாக நகர்ந்துவிடுகிறார்கள். அந்த மரியாதையை விரும்புகிறவர்கள் கீழ்க்கண்ட படிகளை வரிசை மாறாமல் பின்பற்றவும்.

படி 1: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

கலிபோர்னியா, பாஸ்டன், ஷென்ஜென் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். சிங்கப்பெருமாள் கோயில் போதும். ஜி.எஸ்.டி. ரோட்டில் வடக்கே போனால் மறைமலைநகர், தெற்கே போனால் பரனூரை ஒட்டி மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, மேற்கே திரும்பினால் ஒரகடம். காலை ஷிப்ட் நேரத்தில் ஜங்ஷனில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, காலில் சேஃப்டி ஷூ, பாதித் தூக்கத்தில் கண். இவர்கள் நாள் முழுக்க நின்றபடி தூக்கி, திருப்பி, மாட்டி, முடுக்குகிற வேலையைத்தான் ரோபோ செய்யப்போகிறது என்று உலக முதலீட்டாளர்கள் சொல்கிறார்கள். மாதிரி பார்க்க இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்?

படி 2: உருவத்தை முதலில் முடிவுசெய்யுங்கள், வேலையைப் பிறகு தேடிக்கொள்ளலாம்

ஊருக்கே பெயர் கொடுத்த பாடலாத்ரி நரசிம்மர் கோயிலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பல்லவர் காலத்துக் குடைவரை. மூலவர் குன்றோடு குன்றாக இருப்பதால் அவரை மட்டும் தனியே வலம்வர முடியாது. குன்றையே சுற்றவேண்டும். அர்ச்சகர் ஆரத்தி காட்டும்போது நெற்றிக் கண்ணையும் காட்டுவார். கும்பிட்டு முடித்ததும் வெளியே உட்கார்ந்து இரணியன் வாங்கிய வரத்தை ஒரு பொறியாளரின் கண்ணோடு படியுங்கள்.

மனிதனாலும் மிருகத்தாலும் சாவு கூடாது. பகலிலும் இரவிலும் கூடாது. வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கூடாது. தரையிலும் வானிலும் கூடாது. ஆயுதம் எதனாலும் கூடாது. இத்தனை இறுக்கமான நிபந்தனைப் பட்டியலை எந்த வாடிக்கையாளரும் கொடுத்ததில்லை. அதை வரிவரியாகப் படித்த பிறகே உருவம் தீர்மானமாயிற்று: பாதி மனிதன், பாதி சிங்கம். நேரம் அந்தி, இடம் வாசற்படி, கிடத்தியது மடியில், கிழித்தது நகத்தால். ஒரு நிபந்தனைகூட மீறப்படவில்லை.

நம் தொழிலில் இதைத் தலைகீழாகச் செய்யவேண்டும். இரண்டு கால், இரண்டு கை, ஒரு தலை என்று முதலில் வரைந்துவிடுங்கள். பிறகு இதற்கு யாராவது வேலை கொடுப்பார்களா என்று தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்குங்கள். "சக்கரம் வைத்தால் போதாதா?" என்று எவராவது கேட்டால், "உலகமே மனிதனுக்காகக் கட்டப்பட்டது சார். படிக்கட்டு, கதவுப் பிடி, ஸ்பேனர் எல்லாம் மனிதக் கைகாலுக்குத்தானே?" என்று சொல்லுங்கள். இதில் உண்மையும் கொஞ்சம் இருப்பதால் கேட்டவர் யோசிக்க ஆரம்பிப்பார். அதற்குள் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுங்கள்.

படி 3: அறிவித்துவிட்டுச் செய்யுங்கள்

இதில் முன்னுதாரணம் டெஸ்லா. 2021 ஆகஸ்டில் மனித ரோபோ செய்யப்போவதாக அறிவித்தபோது மேடையில் வந்து ஆடியது ரோபோ வேஷம் போட்ட ஒரு மனிதர். வெள்ளை இறுக்க உடை, கறுப்பு முகமூடி, அமர்க்களமான ஆட்டம். இன்றுவரை எந்த ரோபோவுக்கும் அவ்வளவு இயல்பாக இடுப்பு வளைந்ததில்லை. 2024 அக்டோபரில் அதே நிறுவனத்தின் விழாவில் ரோபோக்கள் விருந்தினருக்குப் பானம் ஊற்றிக் கொடுத்துப் பேசவும் செய்தன. அவற்றைத் தூரத்திலிருந்து மனிதர்கள் இயக்க உதவியது பிறகு தெரியவந்தது.

செய்யக்கூடாததற்கு முன்னுதாரணம் ஹோண்டா. 1986-இல் வெறும் இரண்டு காலை மட்டும் நடக்கவைக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 1996-இல் பி2 என்ற ரோபோவை வெளியே காட்டும்வரை பத்து வருடம் வாயைத் திறக்கவில்லை. ஆசிமோ வந்தது 2000-இல். இப்படிப் பத்து வருடம் பேசாமல் வேலை பார்க்கும் ஆட்களை உங்கள் கம்பெனியில் சேர்த்துவிடாதீர்கள். அவர்களுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

படி 4: நிற்கவையுங்கள்

மாமல்லபுரம் போய் வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பாருங்கள். சுமார் 250 டன். சரிவான பாறையில், பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்படி நிற்கிறது. 1908-இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கவைத்தும் அசையவில்லை என்பார்கள். எடையின் மையத்திலிருந்து நேர்கீழே விழும் கோடு பாறை தொடும் இடத்துக்குள்ளேயே இருப்பதும், அடியில் நல்ல உராய்வு இருப்பதும்தான் ரகசியம். அதைவிட முக்கியமாக, அந்தப் பாறைக்கு எங்கேயும் போகவேண்டிய வேலை இல்லை.

உங்கள் ரோபோவுக்கு இருக்கிறது. நடப்பது என்றால் ஒவ்வோர் அடியிலும் விழத் தொடங்கி, விழுவதற்குள் அடுத்த காலை வைத்துவிடுவது. எடையும் வேகமாற்றமும் சேர்ந்து தரையை எந்தப் புள்ளியில் அழுத்துகின்றனவோ, அந்தப் புள்ளி பாதத்தின் பரப்பைத் தாண்டக்கூடாது. யுகோஸ்லாவியாவின் மியோமிர் வுகோப்ராடோவிச் 1960-களின் கடைசியில் இதைக் கணக்காக எழுதிவைத்தார். மனித ரோபோக்கள் பல காலம் அந்தக் கணக்கைக் கட்டிக்கொண்டுதான் நடந்தன.

பழைய ரோபோ வீடியோக்களில் அவை முழங்காலை மடித்தபடி, தாழ்வான கூரைக்குள் போகிற ஆள்போல நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெட்கத்தால் இல்லை. முழங்கால் முழுக்க நிமிர்ந்துவிட்டால் காலை மேலும் நீட்ட வழியில்லை. அந்த நிலையில் கணக்குப்போடும் சமன்பாடும் கைவிரித்துவிடும். அதனால் மடித்தே வைத்தார்கள். அதற்கும் விலை உண்டு. எலும்பின் மேல் எடையைச் சாய்த்து நிற்கும் வசதி மனிதனுக்கு இருக்கிறது. மடித்த காலோடு நிற்கும் ரோபோவின் மோட்டார் ஒரு வேலையும் செய்யாமலே கரண்டைக் குடித்துச் சூடாகும். சும்மா நிற்பதற்கே களைத்துப்போகும் ஊழியரை உருவாக்கியிருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

படி 5: விழவையுங்கள்

விழாத ரோபோவுக்கு யூடியூபில் மதிப்பில்லை. ஆசிமோ 2006-இல் டோக்கியோவில் பார்வையாளர் முன்னால் மாடிப்படி ஏறும்போது சறுக்கி விழுந்தது. உடனே திரையைக் கொண்டுவந்து மறைத்தார்கள். 2025 நவம்பரில் மாஸ்கோவில் ஒரு ரோபோ மேடைக்கு வந்து கையசைத்த கையோடு குப்புற விழுந்தது. அங்கேயும் திரைதான். ஆகவே செலவுத் திட்டத்தில் ஒரு நல்ல திரைச்சீலைக்கும் இடம் ஒதுக்குங்கள்.

இதே விஷயத்தில் நிஜமான பாடம் 2015-இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்பா அமைப்பு, ஃபுகுஷிமா அணு உலை விபத்தை மனதில் வைத்து ஒரு போட்டி நடத்தியது. வண்டி ஓட்டவேண்டும், கதவைத் திறக்கவேண்டும், வால்வைத் திருகவேண்டும். பல ரோபோக்கள் கதவைத் திறக்க முயலும்போதே சாய்ந்தன. 20 லட்சம் டாலர் முதல் பரிசை வென்றது தென்கொரியாவின் கைஸ்ட் கல்வி நிறுவனத்து ஹூபோ. அதன் முழங்காலிலும் பாதத்திலும் சக்கரம் வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட இடத்தில் நடந்தது, மற்ற நேரத்தில் மண்டிபோட்டு உருண்டது. மனிதன் மாதிரியே இருந்தாகவேண்டும் என்ற வீம்பை விட்ட பொறியாளருக்குப் பரிசு போயிற்று. ஆனால் நீங்கள் புகழ்தான் தேடுகிறீர்கள் என்றால் சக்கரத்தைத் தொடாதீர்கள்.

படி 6: மூட்டுகளை வரையுங்கள், லேத்துக்குப் போகாதீர்கள்

மோட்டாருக்கு வேகம் உண்டு, பலம் குறைவு. மூட்டுக்குப் பலம் வேண்டும், வேகம் அவ்வளவு வேண்டாம். நடுவே கியர் வரவேண்டும். ரோபோ உலகில் ஹார்மோனிக் டிரைவ் என்ற கியருக்குத் தனி மவுசு. அமெரிக்கர் வால்டன் மஸ்ஸர் 1950-களில் கண்டுபிடித்தது. நடுவில் நீள்வட்டமான ஓர் உருளை. அதைச் சுற்றி வளைந்துகொடுக்கும் மெல்லிய எஃகுக் கிண்ணம். அதற்கு வெளியே கெட்டியான வளையம். கிண்ணத்துக்கு 200 பல், வளையத்துக்கு 202 பல். உருளை ஒரு முழுச் சுற்று வந்தால் கிண்ணம் இரண்டே பல் எதிர்ப்பக்கம் நகரும். ஆக, 100 சுற்றுக்கு ஒரு சுற்று. உள்ளங்கை அகலத்தில் இவ்வளவு குறைப்பு, ஆட்டமும் கிட்டத்தட்ட இல்லை. பார்க்கப் பார்க்க அழகு. ரோபோ விழுந்து மூட்டு ஒரு இடி வாங்கினால் அந்த மெல்லிய கிண்ணத்தின் பற்கள் தாண்டிவிடும் என்பது ஒரு குறை. ரோபோ எப்போது விழும் என்பதற்குப் படி 5-ஐப் பார்க்கவும்.

கியரை உட்காரவைக்க அலுமினியத்தில் ஒரு கூடு வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் அதை எப்படி வேண்டுமானாலும் வரையலாம். ஐந்து மைக்ரான் டாலரன்ஸ் என்று போடுவதற்கு ஐந்து வினாடி போதும். எக்காரணம் கொண்டும் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நேரில் போகாதீர்கள். போனால் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மெஷின்காரர் கேட்பார்: "தம்பி, இந்த போர் உள்ளே டூல் எந்தப் பக்கமா போகும்? நீங்களே காட்டுங்க." அப்புறம், "இந்த போல்ட்டை முடுக்க ஸ்பேனர் நுழையுமா? நுழைஞ்சாலும் திரும்புமா?" இந்த இரண்டு கேள்விக்கும் நான்கு வருடப் படிப்பில் விடை கிடையாது. வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வடிவம் குப்பைக்குப் போன பிறகுதான் பட்டறைக்கு மறுபடி போகத் தோன்றும்.

படி 7: முன்கையைக் கண்டுகொள்ளாதீர்கள்

மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார் பூட்டுகிறார்கள். அதே பி.எம்.டபிள்யூவின் அமெரிக்க ஆலை தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் இருக்கிறது. அங்கே ஃபிகர் என்ற நிறுவனத்தின் மனித ரோபோ வேலைக்குச் சேர்ந்தது. வேலை என்ன? தகட்டை எடுத்து வெல்டிங் ஃபிக்ஸரில் சரியாக வைப்பது. அவ்வளவுதான். 90,000-க்கும் மேற்பட்ட பாகங்களை வைத்ததாக அந்த நிறுவனம் 2025-இல் கணக்குக் கொடுத்தது.

அந்தக் கணக்கில் செய்தித்தாள்கள் அதிகம் கவனிக்காத ஒரு வரி, மெக்கானிக்கல்காரருக்குப் பொன். அதிகம் பழுதானது கால் இல்லை, மூளை இல்லை, முன்கை. மணிக்கட்டு மூன்று விதமாகத் திரும்பவேண்டும். அதற்கான மோட்டார்கள், மின்சுற்று, விரல்களுக்குப் போகும் வயர்கள் எல்லாம் மனித முன்கையின் பருமனுக்குள் அடங்கவேண்டும். உள்ளே சூடு தேங்கும், வெளியேற இடமில்லை. கை திரும்பும் ஒவ்வொரு முறையும் வயர் முறுக்கிப் பிரியும். அடுத்த மாடலில் மணிக்கட்டின் வயர் அமைப்பையே மாற்றினார்கள்.

சினிமா கதாநாயக விஞ்ஞானி எவரும் வயர் அறுந்துபோனதைப் பற்றி வசனம் பேசியதில்லை. ஆகவே நீங்களும் கண்டுகொள்ளாதீர்கள். முகத்துக்கு எல்.இ.டி. விளக்கு வைப்பதில் கவனம் செலுத்துங்கள்.

படி 8: கால் இல்லாத ரோபோவைப் பார்த்துச் சிரியுங்கள்

2020 ஜனவரியில் இஸ்ரோ வியோமித்ராவை அறிமுகப்படுத்தியது. ககன்யான் திட்டத்தில் மனிதருக்கு முன்னால் விண்வெளிக்குப் போகவேண்டியவர். தலை உண்டு, கை உண்டு, உடல் உண்டு. கால் கிடையாது. "காசு பத்தலையா?" என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. எடையே தெரியாத இடத்தில், இருக்கையில் கட்டிவைக்கப்பட்டு, கட்டுப்பாட்டுப் பலகைகளைக் கவனித்து, சுவிட்சுகளை இயக்கவேண்டியவருக்குக் கால் எதற்கு? ஒவ்வொரு கிராமுக்கும் ராக்கெட்டில் கூலி கொடுக்கவேண்டும். நிபந்தனையைப் படித்துவிட்டு உருவத்தைத் தீர்மானித்தவர்கள் இவர்கள். அதனால்தான் வியோமித்ரா ஒரு நடன வீடியோவில்கூட வரவில்லை.

படி 9: பின்னால் இருப்பவர்களை மேடையேற்றாதீர்கள்

ரோபோ துண்டு மடிக்கக் கற்றுக்கொள்வது எப்படி? யாரோ மடித்துக் காட்டவேண்டும். துண்டுக்கும் படுக்கைவிரிப்புக்கும் பேர்போன நம் கரூரிலேயே இளைஞர்கள் நெற்றியில் கேமராவை மாட்டிக்கொண்டு மேஜை முன்னால் நின்று துண்டு மடிக்கிறார்கள். அந்தக் கையசைவுகளின் பதிவு கடல் தாண்டிப்போய் ரோபோக்களுக்குப் பாடமாகிறது. நூற்றது நாம், நெய்தது நாம், மடிக்கச் சொல்லிக்கொடுப்பதும் நாம். தன்னிச்சையாகக் கற்ற ரோபோ என்று அறிமுகம் செய்யும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*வேலை எங்கே கிடைக்கும்?*
ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை இருக்கிறது. அட்லஸ் ரோபோவைச் செய்யும் பாஸ்டன் டைனமிக்ஸை 2021-இல் வாங்கியது அதே ஹூண்டாய் குழுமம்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா ஆலையில் 2028 முதல் அட்லஸை வேலைக்கு வைக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. அதற்குள் உங்களுக்கு இங்கே கிடைக்கக்கூடியது ஃபிக்ஸர், கிரிப்பர், கன்வேயர் வடிவமைக்கும் வேலை. தயங்காமல் சேருங்கள். ரோபோவின் கைக்குத் தேவையான படிப்பெல்லாம் கிரிப்பரில் இருக்கிறது.

*எல்லாப் பாகமும் உள்ளூரில் கிடைக்குமா?*
கூடு கிடைக்கும், பேரிங் கிடைக்கும். மோட்டாருக்குள் வைக்கும் அரிய மண் காந்தத்துக்குச் சீனாவைப் பார்க்கவேண்டும். 2025 ஏப்ரலில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டதும் டெஸ்லாவின் ரோபோ வேலையே தடுமாறியது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அந்த அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன. மணலைக் காந்தமாக்கும் ஆலைகளுக்குத்தான் பஞ்சம்.

*பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்?*
2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் ரோபோக்களுக்கு அரை மாரத்தான் ஓட்டம் வைத்தார்கள். முதலில் வந்த தியான்கோங் 2 மணி 40 நிமிடத்தில் முடித்தது. வழியில் மூன்று முறை பேட்டரி மாற்றினார்கள், ஒருமுறை விழுந்தது. எட்டு மணி நேர ஷிப்டுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

*"சார், இது வந்தா என் வேலை போயிடுமா?" (ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி)*
மனித ரோபோக்கள் தென் கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் போவதற்கு ஒரு காரணம் அங்கே கூலி அதிகம். சிங்கப்பெருமாள் கோயிலில் ரோபோவின் மிகப் பெரிய போட்டியாளர் நீங்கள்தான். உங்கள் கூலி அவ்வளவு மலிவு. இது ஆறுதலா, அவமானமா என்பதைச் சம்பளம் போடுகிறவர்கள் யோசிக்கட்டும்.

முடிவாக

கிண்டலை விட்டுவிட்டுச் சொல்கிறேன். இந்தத் தொழில் வெறும் பொம்மலாட்டம் இல்லை. விரல்கள், மணிக்கட்டு, கணுக்கால், சூடு, வயர் என்று மெக்கானிக்கல்காரர் தீர்க்கவேண்டிய கணக்குகள் இதில் இன்னும் பல வருடத்துக்கு இருக்கின்றன. சாஃப்ட்வேர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக யோசித்தாலும், மணிக்கட்டு சூடாகி நின்றுவிட்டால் ரோபோ நின்றதுதான்.

ஆனால் உருவத்துக்கு முன் நிபந்தனையைப் படியுங்கள். கல்பாக்கத்தில் கதிரியக்கப் பொருளைக் கையாளும் இயந்திரக் கைகளுக்குக் காலும் இல்லை, முகமும் இல்லை. கழிவுத் தொட்டியின் கெட்டிப்பட்ட சேற்றைக் கலக்கி உறிஞ்சச் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ஹோமோசெப்புக்கும், பாதாளச் சாக்கடையில் இறங்கி அள்ளும் கேரளத்து பேண்டிகூட்டுக்கும் மனித ஜாடை துளியும் கிடையாது. மனிதன் செய்யவே கூடாத வேலையை அவை செய்கின்றன. கையால் மலம் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் தமிழ்நாட்டில் ஆட்கள் குழிக்குள் இறங்கிச் சாகிறார்கள். மனித ரோபோவுக்கு வேலை தேடி அலையும் இளைஞர்கள் முதலில் அந்தக் குழியின் வாய் எத்தனை அங்குலம் என்று அளந்துகொண்டு வாருங்கள். உருவம் அங்கிருந்து தொடங்கட்டும்.